மூலையில் நிற்பவரின் துவாய்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு சேலைக் கடையில் நெடுங்காலம் நின்றவள் நான். பள்ளிக்கூடம் எனக்குப் பாதியில் நின்றுபோனது. இங்கிலீஷ் பிறகுதான் வந்தது, அதுவும் வாடிக்கையாளர்களின் வாயிலிருந்து. சேலையை விரித்துப் போட்டுவிட்டு எதிரே நின்றால் மனிதர்கள் என்னவெல்லாமோ பேசுவார்கள். மனைவி நிறம் பார்ப்பார், கணவன் நேரம் பார்ப்பார், நான் இருவருடைய வாயையும் பார்ப்பேன். நல்லதாக ஒரு சொல் விழுந்தால் மனதுக்குள் முடிந்து வைத்துக்கொள்வேன்.

அப்படி ஒரு நாள் லண்டனிலிருந்து வந்த தம்பதி. அந்த அம்மா கடையிலுள்ள கூறைச் சேலை முழுவதையும் இறக்கவைத்துவிட்டு, முதலில் பார்த்த சேலைக்கே திரும்பி வந்தார். பிளாஸ்டிக் கதிரையில் இருந்த கணவர் என்னைப் பார்த்து, "ஐ த்ரோ இன் த டவல்" என்றார். துவாயை எறிந்துவிட்டாராம். அவர் கையில் துவாய் ஏதும் இல்லை, ஒரு தண்ணீர்ப் போத்தல்தான் இருந்தது. தோற்றுவிட்டேன், இனி என்னால் முடியாது என்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்தும் அது என்னை விடவில்லை. இழப்பையும் தோல்வியையும் நாங்கள் எப்படிச் சொல்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். கைவிட்டான், கைவிரித்தான், கைகழுவினான், கைநழுவிப் போயிற்று. எங்களுக்கு எது போனாலும் கை வழியாகத்தான் போகிறது. தோற்றவன் மண்ணைக் கவ்வினான் என்போம். அதில் இங்கிலீஷ்காரரும் எங்களைப் போலத்தான், அவர்கள் தோற்றாலும் புழுதியைத்தான் கடிக்கிறார்கள். ஆனால் துவாய்? தோற்றுப்போனவன் எதற்காகத் துவாயை எறிய வேண்டும்? யாருடைய துவாய் அது, எங்கே எறிகிறான்?

மருதானையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த இங்கிலீஷ் அகராதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அது குத்துச்சண்டையிலிருந்து வந்த பேச்சு என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மிச்சத்தைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அத்தான், அக்காவின் கணவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளவயதில் துறைமுகப் பக்கத்து பொக்சிங் கிளப் ஒன்றில் மூலையில் நின்றவர். மூலையில் நிற்பது என்றால், சண்டை பிடிப்பவனுக்கு ரவுண்ட் முடிந்ததும் முக்காலி வைத்து, முகம் துடைத்து, தண்ணீர் கொடுத்து, காதுக்குள் நாலு வார்த்தை சொல்லி மறுபடி அனுப்புவது.

ஞாயிறு பூசை முடிந்து, புறக்கோட்டையில் இறங்கி மட்டக்குளி பஸ்ஸில் மாறி அவர்கள் வீட்டுக்குப் போவது என் வழக்கம். அந்த ஞாயிறும் போனேன். ஆனால் போனவுடன் துவாயைப் பற்றிக் கேட்க முடியவில்லை. அக்காவின் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது.

அக்கா இடியப்பம் பிழிகிறவள். பெரிய கம்பனி ஒன்றும் இல்லை. கொழும்பில் பாதிப் பேருக்கு இரவுச் சாப்பாடு இடியப்பம். அதில் பாதி கடையில் வாங்கியது. கடைக்கு அது ஏதோ ஒரு வீட்டுக் குசினியிலிருந்துதான் வருகிறது. பின்னேரம் தொடங்கினாளென்றால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் கொட்டாஞ்சேனையின் நாலைந்து கடைகளுக்கு அக்காவின் இடியப்பம் போய்விடும். அவள் பிழிவாள், அவிப்பாள். அத்தான் பெட்டிகளை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுப்பார். பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில் நன்றாக இருக்கிறார்கள். சல்லிக்காக அவள் இதைச் செய்ய வேண்டிய தேவை நின்று பல காலம். ஆனாலும் மர இடியப்ப உரலை இரண்டு கையாலும் அழுத்திப் பிழியாத பின்னேரம் அவளுக்குப் பின்னேரமாகத் தெரியாது.

"என்ன அக்கா கையில?"

"ஒண்டுமில்லை. நரம்பு கொஞ்சம் பிடிச்சிட்டுது."

"நரம்பில்லை," என்றார் அத்தான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். "பெருவிரலுக்குப் போற சவ்வு வீங்கிப்போச்சுதாம். டொக்டர் தெளிவாச் சொன்னவர். ஆறவிட்டால் தானாச் சுகமாகும். ஆறவிடாட்டில் வெட்டவேணும். வெட்டினாலும் பெருவிரல் பழையபடி மடங்குமெண்டு சொல்லேலாதாம்."

"டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம். அவையளுக்கு வெட்டத்தானே தெரியும்."

"உனக்குப் பிழியத்தானே தெரியும்," என்றார் அத்தான்.

கட்டோடு பிழிந்துகொண்டிருந்தாள். அதுதான் விஷயம். இடது கையால் அழுத்தி, வலது உள்ளங்கையின் அடியால் தாங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு. தேத்தண்ணீர்க் கோப்பையை அவள் இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பதைப் பார்த்தேன். பெருவிரல் விறைத்து நின்றது.

என் வாய் சும்மா இருக்குமா? புதிதாகப் பிடித்து வைத்திருந்த சொல் வேறு நாக்கு நுனியில் நின்றது. "அக்கா, இங்கிலீஷ்காரன் ஒரு கதை சொல்லுவான். ஏலாமல் போனால் துவாயை எறிஞ்சிட்டுப் போகவேணுமாம். நீங்களும் எறியுங்கோ."

"எறிஞ்சால் ஆர் தோய்க்கிறது? நீ வெள்ளவத்தையிலிருந்து வந்து தோய்ப்பியோ?"

"கடைக்காரருக்கு ரெண்டு மாசம் ஏலாதெண்டு சொன்னால் என்ன?"

"அதெப்பிடிச் சொல்லுறது? அதுகள் என்னை நம்பிக்கொண்டு இருக்குதுகள்."

இதுதான் அவளுடைய பிரச்சினை. அக்காவுக்கு வாயில் வராத ஒரே சொல் 'ஏலாது'. கலியாண வீடோ செத்த வீடோ, யார் வந்து கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்வாள். அவள் பலமும் அதுதான். இப்போது அதுவே பெருவிரலைத் தின்னப் பார்த்தது.

அவள் குசினிக்குள் போனதும் அத்தான் பேப்பரை மடித்தார். "தங்கச்சி, நீ சொன்னது பிழை."

"எது அத்தான்?"

"துவாயை எறியிறது சண்டை பிடிக்கிறவன் இல்லை. அவன் எப்பிடி எறியிறது? கையில ரெண்டு கிளவ்ஸ். தண்ணிப் போத்தலையே பிடிக்கேலாது அவனாலை. எறியிறது மூலையில நிக்கிறவன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை நாளும் லண்டன்காரர் சொன்னதுபோல, தோற்றவன் தானே எறிகிறான் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கிலீஷ் பேசுகிறவர்கள் எல்லோரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள்.

"எங்கட கோச் பழைய ஆள்," என்றார் அத்தான். "முந்தித் துவாய்கூட இல்லையாம், ஸ்பஞ்சைத்தான் எறியிறதாம். முகம் துடைக்கிற ஸ்பஞ்ச். இனி இவனுக்குத் துடைக்க வேண்டியதில்லை, சண்டை முடிஞ்சுது எண்டு அர்த்தம். பிறகுதான் துவாய் வந்தது. எதை எறிஞ்சாலும் சரி, சண்டை பிடிக்கிறவன் நிப்பாட்டச் சொல்லமாட்டான். அவனுக்குத் தெரியாது. அடி வாங்க வாங்க அவனுக்கு வீரம்தான் கூடும். வெளியில நிக்கிறவனுக்குத்தான் கண் தெரியும்."

"நீங்கள் எறிஞ்சிருக்கிறீங்களோ?"

"ஒருக்கா. என்ர கூட்டாளிக்கு. புருவம் வெடிச்சு ரத்தம் கண்ணுக்குள்ள போகுது, அவன் இன்னும் ரெண்டு ரவுண்ட் இருக்கெண்டு துள்ளுறான். நான் எறிஞ்சிட்டன். அவன் மேடையிலையே என்னை அம்மாவில தொட்டு ஏசினவன். கன நாள் என்னோடை கதைக்கேல்லை. றோட்டில கண்டால் அங்கால் பக்கம் மாறிப் போவான்."

"பிறகு?"

"பிறகென்ன, என்ர மூத்தவனுக்கு ஞானத்தகப்பன் அவன்தானே. இண்டைக்கும் ரெண்டு கண்ணாலையும் பேப்பர் படிக்கிறான்."

அவர் குசினிப் பக்கம் பார்த்தார். உள்ளே உரல் கிரீச்சிட்டது. அவர் பேப்பரை மறுபடி விரித்தார். நான் இந்தக் கதையைச் சுவைத்துக்கொண்டே வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். தோல்வியைக் குறிக்கிற பேச்சு என்று நான் நினைத்திருந்ததற்குள்ளே ஒரு அன்பு கிடந்திருக்கிறது. இதை இனி யாரிடம் சொல்லலாம் என்பதுதான் பஸ்ஸில் என் யோசனையாக இருந்தது. அத்தானின் யோசனை வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் கிழமையே ஒரு பின்னேரம் அக்காவின் மூத்த மருமகள் கனடாவிலிருந்து அனுப்பிய சாமான்களைக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். மேசை முழுக்க இடியப்பம். ஆவி பறந்துகொண்டிருந்தது. சிவப்பு மா ஒரு பக்கம், வெள்ளை மா ஒரு பக்கம், வாழையிலை போட்ட பெட்டிகளில் அடுக்கியிருந்தாள். அக்கா வியர்வையைத் துடைத்தபடி நின்றாள். அத்தான் கதிரையில், வெளியில் போகிற சேர்ட்டுகூடப் போடாமல் இருந்தார்.

"இஞ்சருங்கோ, நேரமாகுது. எடுங்கோவன்."

"ஏலாது," என்றார் அத்தான்.

அந்த வீட்டில் அந்தச் சொல் கேட்டு எவ்வளவு காலமாயிருக்கும். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"என்ன ஏலாது?"

"நேத்துச் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனன். முழங்காலில நிண்டு புனிதரிட்டை நேர்த்தி வச்சிட்டன். உன்ர கை சுகமாகுமட்டும் இந்த வீட்டிலயிருந்து ஒரு இடியப்பம் நான் வெளியில கொண்டுபோகமாட்டன். சுகமானால் வாற ஏழையளுக்கெல்லாம் பாண் குடுக்கிறது."

எங்கள் பக்கத்தில் நேர்த்தி என்றால் விளையாட்டில்லை. செவ்வாய்க்கிழமை அந்தப் புனிதரின் நாள், கேட்டது கிடைத்தவர்கள் ஏழைகளுக்குப் பாண் ரொட்டி கொடுப்பார்கள். கள்வனும் அன்றைக்கு அந்தக் கோயிலுக்கு வந்து மெழுகுதிரி கொளுத்துவான், கொளுத்தினால் சொன்னதைச் செய்வான். அக்கா அவர் கதிரைக்கு முன்னால் வந்து நின்றாள். பிறகு கேட்டாள்.

"என்ர கையை வச்சு உங்களுக்கு ஆர் நேர்த்தி வைக்கச் சொன்னது?"

"உன்ர கையை வைக்கேல்லை. என்ர காலைத்தான் வச்சனான். நீ எவ்வளவும் பிழி. நான் கொண்டுபோகமாட்டன்."

"நீங்கள் கொண்டுபோகாட்டில் எனக்குக் கால் இல்லையோ? தங்கச்சி, வா."

நான் போனேன். போகாமல் இருக்க முடியுமா? இரண்டு பெட்டிகளை நான் தூக்க, ஒன்றை அவள் இடது இடுப்பில் வைத்துக்கொள்ள, முச்சக்கர வண்டி பிடித்து முதல் கடைக்குப் போனோம். சிங்கள முதலாளி. அக்காவிடம் எவ்வளவோ காலமாக எடுக்கிறவர். எங்களைக் கண்டதும் எழுந்து, பெட்டியைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பே அக்கே," என்றார். முடியாதாம். "அய்யா காலையில வந்து சொன்னார். பாரயக் வச்சிருக்குத்தானே." நேர்த்தியைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் புத்த சமயம், ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் மகளின் பள்ளிச் சோதனைக்காக அந்தக் கோயில் வாசலில் நின்றவர். "நான் எடுத்தா எனக்குத்தான் பாவம். கை நல்லா வந்த பிறகு வாங்க."

இரண்டாவது கடை முஸ்லிம் நானாவுடையது. அவர் இன்னும் சுருக்கமாக, "நேர்த்திக்கு மாறி ஒண்டும் செய்யேலாது தாத்தா," என்றார். முஸ்லிம் ஆட்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்பார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். அத்தான் ஒருவரையும் விடவில்லை என்பது எங்களுக்குப் புரிந்தது. காலையிலேயே கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். மனைவியின் கை போய்விட்டது, இனி அவளால் முடியாது என்று சொல்லியிருந்தால் கடைக்காரர்கள் பரிதாபப்பட்டிருப்பார்கள், அடுத்த நாளே 'கொஞ்சமாவது தாங்கவன்' என்று கேட்டும் இருப்பார்கள். அவளும் ஓம் என்றிருப்பாள். நேர்த்தி என்றதும் யாரும் வாய் திறக்கவில்லை. அக்காவின் பெயருக்கும் ஒரு குறை வரவில்லை.

அன்றைக்குக் கொட்டாஞ்சேனையில் அக்காவின் தெரு முழுவதும் இடியப்பம் சாப்பிட்டது. அக்கா கதவு கதவாகக் கொடுத்தாள். ஒரு வீட்டில், "என்ன அக்கா விசேஷம்?" என்று கேட்டார்கள். "எனக்கு ஆண்டுத் திவசம்," என்றாள்.

அடுத்த நாள் பங்குச் சுவாமியிடம் முறையிடப் போனாள். என்னையும் சாட்சிக்கு வரச் சொல்லிப் போன் எடுத்தாள். சுவாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒருவர் வைத்த நேர்த்தி இன்னொருவரைக் கட்டாது என்றார். அக்காவின் முகம் மலர்ந்தது. "ஆனால் அவர் தான் கொண்டுபோகமாட்டன் எண்டுதானேம்மா வச்சிருக்கிறார். அது அவரைக் கட்டும்," என்றார் சுவாமி. பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "இந்தக் கையோட என்னெண்டு செபமாலை பிடிக்கிறீங்கள்?"

அக்கா கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். சில நாளாக மணிகளை இடது கையால் உருட்டிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

அத்தானோடு பேச்சு நின்றது. எல்லாக் கதையும் என் வழியாகத்தான் போனது. நான் வெள்ளவத்தையில் இருந்தாலும் போன் அடிக்கும். "உன்ர அத்தானிட்டைச் சொல்லு, சட்டை இஸ்திரி போட்டு அலுமாரியில கிடக்கெண்டு." அலுமாரி அவருக்கு நாலடி தள்ளித்தான் இருக்கும். நான் அத்தானுக்குப் போன் எடுத்துச் சொல்வேன். "கேட்டுது," என்பார். அவர் குரலில் கவலை தெரியவில்லை. கூட்டாளி அவரோடு கதைக்காமல் இருந்த காலம் எவ்வளவு என்று அவருக்குத்தானே தெரியும்.

முதலில் அக்கா பின்னேரங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்தாள். அலுமாரிகளைத் துடைத்தாள். பிறகு வாசலில் கதிரை போட்டாள். பிறகு கதிரை கொஞ்சம் கொஞ்சமாகத் தெருப் பக்கம் நகர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து சேர்ந்தாள். ஒருநாள் நான் போனபோது அக்கா வீட்டில் இல்லை. முகத்துவாரப் பக்கம் கடற்கரைக்குப் போயிருக்கிறாள் என்றார் அத்தான். கலியாணம் கட்டி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பின்னேரக் கடலைப் பார்த்தது அது எத்தனையாவது தடவை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு மட்டக்குளியில் ஒரு பெண் மெஷினில் பிழிந்து கொடுக்கிற இடியப்பத்தை அத்தான் கடையில் வாங்கி வந்தார். அக்கா ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"இது இடியப்பமோ, சணல் கயிறோ? மாவைச் சரியா வறுக்கேல்லை. தண்ணி கொதிக்க முந்தி ஊத்தியிருக்கிறாள்." என்னிடம்தான் சொன்னாள், ஆனால் குரல் மேசையின் அந்தப் பக்கம் கேட்கும்படி இருந்தது. சொதியை ஊற்றிக் குழைத்தாள். தின்று முடித்து இன்னொன்றை எடுத்தாள். "சம்பலை இஞ்சால தள்ளுங்கோ," என்றாள். அது நேரே அத்தானுக்கு. அவர் தள்ளினார். இருவரும் ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிட்டார்கள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பு வந்துவிடும் என்ற பயத்தில்.

போன ஞாயிறு போயிருந்தேன். கட்டு இல்லை. அக்கா கிணற்றடியில் நனைந்த போர்வை ஒன்றை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். இரண்டு கையாலும். பெருவிரல் துணிக்குள் நன்றாக மடங்கி இறுகியிருந்தது. தண்ணீர் தாரையாக ஓடியது. நான் பார்த்துவிட்டேன் என்று கண்டதும் போர்வையைக் கொடியில் போட்டுவிட்டுக் கிட்ட வந்தாள்.

"அந்தாளுக்குச் சொல்லிப்போடாதை."

"ஏனக்கா? சுகமாயிட்டுதெல்லே. இனிப் பிழியலாம்."

"பிழியலாம். ஆர் இல்லையெண்டது? நேர்த்தி சுகமாகுமட்டும்தானே. சுகமாயிட்டுதெண்டு தெரிஞ்சால் நாளைக்கே கடைக்காரர் வந்து நிப்பினம். நான் ஏலாதெண்டு சொல்லுவனோ?" பெருவிரலை மடக்கி, நிமிர்த்தி, ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "பின்னேரம் நல்லாத்தான் இருக்கடி. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

நான் சரி என்றேன்.

திரும்பும்போது அத்தான் பஸ் தரிப்பிடம் வரை கூட வந்தார். வெயில் தணிந்திருந்தது. தெருமுனையில் அக்காவின் கதிரை, அதில் அக்கா, பக்கத்தில் மூன்று பெண்கள். எதற்கோ எல்லோரும் சிரித்தார்கள்.

"கை நல்லாயிட்டுது," என்றார் அத்தான் மெல்லிய குரலில். "ரெண்டு கிழமையாத் தெரியும். பாரை மீனை ஒரே வெட்டில தலை எடுக்கிறா. நான் போன செவ்வாய்க்கிழமை பாண் குடுத்து முடிச்சிட்டன். நேர்த்தி சரி. நீ அவவுக்குச் சொல்லிப்போடாதை."

"ஏன் அத்தான்?"

"அவ கேட்கட்டும். கேட்டால் கொண்டுபோவன்."

அவருக்கும் சரி என்றேன். ஒரு சொல்லைப் பிடித்தால் வெள்ளவத்தை முழுவதும் சொல்லித் தீர்க்கிற எனக்கு, ஒரே வீட்டுக்குள் ஒரே இரகசியத்தை இரண்டு பேருக்காகக் காக்கிற வேலை. இங்கே எழுதிவிட்டேன் என்று பயமில்லை. அக்கா கோயில் புத்தகம் தவிர வேறு படிக்கமாட்டாள். அத்தான் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்.